வார மீட்டிங் ஒன்றரை மணி நேரம் ஓடுகிறது, ஆனால் லைன் நிற்பது நிற்கவில்லை

ஆம்பூர்_பிளானிங்:
வணக்கம். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பிளானிங் பார்க்கிறேன். திங்கட்கிழமை காலை 10 மணிக்கு வார மீட்டிங். ஆட்களைக் கூட்டுவதும் மினிட்ஸ் எழுதுவதும் என் தலையில். கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங் (ஷூவின் மேல்பாகத்தை அச்சில் இழுத்துப் பொருத்துவது), ஸ்டோர், குவாலிட்டி, மெயின்டனன்ஸ் எல்லோரும் வருவார்கள். ஒவ்வொருவராக, போன வாரம் எத்தனை ஜோடி என்று மேனேஜரிடம் ஒப்பிப்பார்கள். அவர் ஒருவரைப் பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் போனை எடுத்துவிடுவார்கள். எழுந்திருக்க பதினொன்றரை ஆகும். புதன்கிழமை பார்த்தால், லைனிங் (ஷூவின் உள்பக்கம் வைப்பது) வரவில்லை என்று ஒரு லைன் நிற்கும். ஸ்டோருக்கு அது சனிக்கிழமையே தெரியும். ஏன் சொல்லவில்லை என்றால், "யாரும் கேட்கலையே". என்ன செய்யலாம்?

ராணிப்பேட்டை_ஃபினிஷிங்:
தம்பி, முதலில் கிழமையை மாற்றுங்கள். திங்கட்கிழமை காலை யார் வந்தார், யார் லீவு என்று பார்த்து லைனை நிரப்பவே சூப்பர்வைசருக்கு நேரம் போதாது. வெள்ளியும் வேண்டாம். ஜும்மாவுக்குப் போகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். எங்களுக்குச் செவ்வாய் ஒத்து வருகிறது.

அப்புறம், எண்ணிக்கையை வாயால் படிக்கவே கூடாது. ஒரே தாளில் அடித்துக் கொடுத்துவிடுங்கள். படிக்காமல் வருவார்கள் என்பீர்கள். வரட்டும், அங்கேயே படிக்கட்டும். அமேசானில் 2004-இல் மேல்மட்டக் கூட்டங்களில் பவர்பாயிண்டை நிறுத்தினார்கள். எழுதிய குறிப்பை மீட்டிங் தொடக்கத்தில் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்து படிக்கும் பழக்கம் அங்கே வந்தது அதற்குப் பிறகுதான். அவர்களுக்கு ஆறு பக்கம். நமக்கு ஒரு பக்கம், ஐந்து நிமிடம் போதும்.

அந்தத் தாளின் கீழே ஒரு கட்டம் விடுங்கள்: "அடுத்த வாரம் எது வராவிட்டால் வேலை நிற்கும்?" ஸ்டோர்காரர் அதை நிரப்பிக் கையெழுத்துப் போடட்டும். யாரும் கேட்கலையே என்பது அதோடு போச்சு.

பேச வேண்டியது, இரண்டு டிபார்ட்மென்ட் சேர்ந்தால்தான் தீரும் என்கிற விஷயத்தை மட்டும். ஷேட் பிரச்சினையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே லாட் தோலிலும் நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். கட்டிங்கில் ஜோடி பார்த்து வெட்டாவிட்டால், பெட்டியில் போடும்போதுதான் இடது ஒரு பழுப்பு, வலது ஒரு பழுப்பு என்று தெரியும். கட்டிங்காரர் ஸ்டோரைச் சொல்வார், ஸ்டோர்காரர் தோல் பதனிடும் டேனரியைச் சொல்வார். (நான் டேனரி ஆள், எனக்கு இது புதிதல்ல.) இந்தச் சண்டைக்குத்தான் மீட்டிங். தாராளமாக அரை மணி நேரம் கொடுங்கள். ஒருவரை மட்டும் கேட்க வேண்டியதை மேனேஜர் தன் கேபினில் கேட்டுக்கொள்ளலாம்.

மினிட்ஸில் யார், என்ன, எந்தத் தேதிக்குள், இவ்வளவு போதும். "பார்க்கிறேன்" என்பதையெல்லாம் எழுதாதீர்கள்.

காட்பாடி_டெஸ்டிங்:
சாஃப்ட்வேரில் நாங்கள் நின்றுகொண்டே 15 நிமிடத்தில் முடிக்கிறோம். கால் வலித்தால் பேச்சு தானாகக் குறையும் :)

ராணிப்பேட்டை_ஃபினிஷிங்:
அது நீங்கள் தினமும் நடத்துவது, சார். ஷேட் சண்டை நின்றுகொண்டு தீராது. அதுவும் போக, ஷாப் ஃப்ளோரில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு உட்காரக் கிடைப்பதே இந்த ஒரு மீட்டிங்கில்தான்.

பேரணாம்பட்டு_லைன்:
நான் ஸ்டிச்சிங் சூப்பர்வைசர். எங்கள் கம்பெனியில் மீட்டிங் சாயங்காலம். எல்லோரும் பேசி முடித்து, கம்பெனி பஸ் கிளம்பும் நேரத்தில்தான், "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்பார்கள். பஸ்ஸை விட்டால் ஊருக்கு எப்படிப் போவது? ஒன்றும் இல்லை சார் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவோம். எங்களை முதலில் கேளுங்கள் அண்ணா.

இன்னொன்று. ரீவொர்க் (பிழையானதைப் பிரித்து மறுபடி தைத்தது) கணக்கை எல்லோர் முன்னாலும் லைன் பெயர் சொல்லிப் படித்துத் திட்டினால், அடுத்த வாரம் அந்த எண் குறைந்துதான் வரும். பிழை குறைந்திருக்காது. நோட்டில் ஏற்றாமலே பிரித்துத் தைத்துவிடுவார்கள். அப்புறம் ஊசி தேய்ந்ததாலா, நூல் சரியில்லாததாலா என்று மெயின்டனன்ஸ் எப்படிக் கண்டுபிடிக்கும்?

ஆம்பூர்_பிளானிங்:
அக்கா சொன்னது எங்கள் கம்பெனிக்கும் அப்படியே பொருந்தும். சூப்பர்வைசர்களை முதலில் பேச வைக்கிறேன். ஒரு சந்தேகம்: எங்கள் மேனேஜர் உட்கார்ந்ததும் அவர்தான் ஆரம்பிப்பார். கடைசியில் பேசுங்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ராணிப்பேட்டை_ஃபினிஷிங்:
சொல்லவே வேண்டாம். தாளில் வரிசை அடிக்கும்போது மேலே ஸ்டிச்சிங், கட்டிங் என்று போட்டுக்கொண்டே வந்து, கடைசி வரியில் "மேனேஜர் முடிவு" என்று பெரிய எழுத்தில் போடுங்கள். முடிவு தன்னுடையது என்றால் காத்திருப்பார். தாளை முந்தின நாளே அவரிடம் காட்டி ஓகே வாங்கிவிடுங்கள்.