1 ஹெச்பி சிங்கிள் பேஸ் மோட்டாரின் வேகத்தைக் குறைக்க டிம்மர் போடலாமா?

சொப்புக்கடைசல்:
அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்பு கடைகிறோம். லேத்தில் இருப்பது 1 ஹெச்பி சிங்கிள் பேஸ் மோட்டார். பிளேட்டில் 1440 ஆர்பிஎம், கெப்பாசிட்டர் ஸ்டார்ட் என்று போட்டிருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவு புல்லி. சின்னச் சொப்புக்கு இந்த வேகம் சரி. அரக்குக் குச்சியை அழுத்தினால் சூட்டில் இளகி நன்றாகப் பிடிக்கிறது. இப்போது 8 அங்குல மரத்தட்டு கேட்கிறார்கள். கட்டையை மாட்டி ஓட்டினால் லேத்தே அதிர்கிறது, உளி வைக்கப் பயமாக இருக்கிறது. 2000 வாட் டிம்மர் கடையில் கிடைக்கிறது. அதைப் போட்டால் வேகம் குறையுமா?

வயர்மேன்:
குறையும். என் டிரில் மெஷினுக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன், அருமையாக ஓடுகிறது.

காயில்கட்டி:
தம்பி, டிம்மர் வேண்டாம். நான் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். டிம்மர் போட்டு ஓட்டிய மோட்டாரைப் பிரித்தால் பெரும்பாலும் ஸ்டார்ட்டிங் காயில்தான் கரிந்திருக்கும்.

உங்கள் மோட்டாருக்குள் ஷாஃப்டில் சென்ட்ரிபியூகல் சுவிட்ச் இருக்கிறது. முக்கால் வேகம் வந்ததும் 'டக்' என்று விலகி ஸ்டார்ட்டிங் காயிலையும் கெப்பாசிட்டரையும் கழற்றிவிடும். அந்தக் காயில் மெல்லிய கம்பி, சில நொடி வேலைக்கென்றே கட்டியது. வேகத்தை ரொம்ப இறக்கினால் சுவிட்ச் மறுபடி சேர்ந்துகொள்ளும், காயிலில் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் வார்னிஷ் வாடை வரும், அப்புறம் புகை.

டிரில்லில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார். வயர்மேன் சொன்னது அதற்குச் சரி. உங்களுடையது பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார். இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகம் கரண்டின் 50 ஹெர்ட்ஸையும், உள்ளே உள்ள போல் (காந்த முனை) எண்ணிக்கையையும் பொறுத்தது. 4 போல் என்றால் 120 × 50 ÷ 4 = 1500; லோடில் கொஞ்சம் பின்தங்கி 1440. டிம்மர் குறைப்பது வோல்டேஜைத்தான். வோல்டேஜைப் பாதியாக்கினால் இழுவை கால்வாசி ஆகிவிடும். உளி பட்டதும் மோட்டார் உறுமிக்கொண்டு நின்றுவிடும். சீலிங் ஃபேன் மட்டும் எப்படி ரெகுலேட்டரில் ஓடுகிறது என்றால், அதில் இந்தச் சுவிட்சே கிடையாது. மெதுவாகச் சுற்றும்போது இறக்கைக்குக் காற்றின் எதிர்ப்பும் மளமளவென்று குறைந்துவிடும்.

ஸ்டெப் புல்லி போடுங்கள். 3, 4, 5 அங்குலப் படி உள்ளதில் இரண்டு வாங்கி, ஒன்றைத் தலைகீழாக மாட்டினால் ஒரே பெல்ட் எல்லாப் படிக்கும் பொருந்தும். மோட்டாரில் 3, லேத்தில் 5 என்றால் 864 ஆர்பிஎம். நடுப்படியில் பழையபடி 1440. கடைசிப் படி 2400, தட்டு மாட்டியிருக்கும்போது அந்தப் பக்கமே போகக் கூடாது. வேகம் குறைகிற அளவுக்கு இழுவையும் கூடும், அகலத் தட்டுக்கு அதுதான் தேவை. மோட்டாரைக் கீல் போட்ட பலகையில் உட்காரவைத்தால் அதன் எடையே பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும். இன்னொன்று, கட்டையின் மூலைகளை ரம்பத்தால் வட்டமாக அறுத்துவிட்டு மாட்டுங்கள். அதிர்வு நிறையக் குறையும்.

சொப்புக்கடைசல்:
ரொம்ப நன்றி அண்ணே. புல்லி போட்டுவிடுகிறேன். ஆனால் அரக்கு பூசும்போது ஓட்டத்திலேயே வேகத்தை ஏற்றி இறக்க ஆசை. இதே மோட்டாருக்கு விஎஃப்டி (ஹெர்ட்ஸை மாற்றி வேகத்தை மாற்றும் கருவி) போடலாமா?

காயில்கட்டி:
இதே மோட்டாருக்குக் கூடாது, அதே சுவிட்ச், கெப்பாசிட்டர் தொல்லைதான். 1 ஹெச்பி த்ரீ பேஸ் மோட்டார் ஒன்று பார்த்து வாங்குங்கள். சிங்கிள் பேஸ் 230 வோல்ட் வாங்கி த்ரீ பேஸ் 230 வோல்ட் கொடுக்கும் விஎஃப்டி கிடைக்கிறது. வாங்கும்போதே டெர்மினல் பாக்ஸைத் திறந்து ஆறு முனை வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளேட்டில் 415 ஸ்டார் (மூன்று காயிலும் ஒரு முனையில் ஒன்றுசேரும் இணைப்பு) என்று இருந்தால், முனைகளைச் சேர்க்கும் தகடுகளைச் செங்குத்தாக மாற்றி டெல்டா (மூன்று காயிலும் முக்கோணமாகச் சேரும் இணைப்பு) ஆக்க வேண்டும். ஸ்டாரிலேயே விட்டால் இழுவை மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும். மூன்று முனை மட்டும் வந்திருந்தால் ஸ்டாரை உள்ளேயே முடிச்சுப் போட்டிருப்பார்கள், அந்த மோட்டாரை விட்டுவிடுங்கள். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே நெடுநேரம் ஓட்டவும் கூடாது. மோட்டாரின் சொந்த விசிறி மெதுவாகி, பாடி சூடாகிவிடும்.