முதுநிலை உளவியல் ஆய்வேடு: இந்தத் திட்டம் ஓராண்டில் நடக்குமா?

புங்கோல் மாணவி
வணக்கம். வேலை பார்த்துக்கொண்டே உளவியலில் முதுநிலை படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு 12 மாதம் இருக்கிறது. முதுமை மறதி நோய் உள்ள பெற்றோரை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் சிங்கப்பூர்த் தமிழர்களிடம் பராமரிப்பவரின் சுமையை அளக்கும் ஸாரிட் சுமை அளவுகோலும் மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளும் கொடுக்க நினைக்கிறேன். சுமை கூடக்கூட மனச்சோர்வும் கூடுகிறதா, குடும்பத்தார் கைகொடுத்தால் அந்தத் தொடர்பு தளர்கிறதா என்பதே கேள்வி. கூடவே 15 நேர்காணல்களும் எடுக்க ஆசை. 120 பேர் போதுமா? எதிலிருந்து தொடங்குவது?

கணக்குப்பிள்ளை
போதாது. ‘குடும்ப ஆதரவு இருந்தால் தொடர்பு தளர்கிறதா’ என்பது இடைவினை விளைவு, அதாவது ஒன்றின் தாக்கம் இன்னொன்றைப் பொறுத்து மாறுவது. அது பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிடும் ஜி-பவர் மென்பொருளில் ஆல்ஃபா (இல்லாத விளைவை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) 0.05, பவர் (இருக்கும் விளைவைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 0.80, விளைவளவு (விளைவு எவ்வளவு பெரியது என்பது) 0.02 என்று கொடுத்துப் பாருங்கள்: 395 பேர் வேண்டும். 0.05 என்று தாராளமாக வைத்தாலும் 159. விளைவளவை 0.15 ஆக்கினால் 55 பேர் போதும் என்று வரும், ஆனால் அந்த 0.15 எங்கிருந்து வந்தது என்பதுதான் தேர்வாளரின் முதல் கேள்வியாக இருக்கும்.

கேள்வியைச் சுருக்குங்கள். சுமைக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள நேரடித் தொடர்பு மட்டும் என்றால், 0.30 அளவுள்ள தொடர்பைக் கண்டுபிடிக்க 84 பேர் போதும். பாதியில் விட்டுப் போகிறவர்களையும் சேர்த்து 100 என்று திட்டமிடலாம். கருதுகோளையும் பகுப்பாய்வுத் திட்டத்தையும் தரவு திரட்டும் முன்பே ஆய்வுத் திட்டங்களைப் பதிந்துவைக்கும் ஓஎஸ்எஃப் இணையதளத்தில் பதிவுசெய்துவிடுங்கள்.

தெம்பனிஸ் அக்கா
தங்கச்சி, எண்ணிக்கைக்கும் முன்னால் அனுமதிகளைப் பாருங்க. பல ஆய்வேடுகள் சிக்கிக்கொள்வது அங்கேதான்.

ஸாரிட் அளவுகோலில் 22 கேள்விகள், மொத்தம் 88 மதிப்பெண். அதைப் பயன்படுத்த அதன் உரிமத்தைக் கவனிக்கும் மாப்பி ரிசர்ச் டிரஸ்ட் அமைப்பிடம் அனுமதி வாங்க வேண்டும். இன்றைக்கே விண்ணப்பியுங்கள், தமிழ் வடிவம் இருக்கிறதா என்றும் அவர்களிடமே கேளுங்கள். நீங்களாக உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டால் அது வேறொரு அளவுகோலாகிவிடும். பிஎச்க்யூ-9-க்கு அனுமதி தேவையில்லை.

ஆனால் அதன் 9-வது கேள்வி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. ‘ஒருவர் ஆம் என்று குறித்தால் என்ன செய்வீர்கள்?’ என்று ஐஆர்பி (ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு) நிச்சயம் கேட்கும். பெயரில்லாத இணையப் படிவத்தில் குறித்தவர் யாரென்றே உங்களுக்குத் தெரியாது. அதனால் அந்தக் கேள்வி இல்லாத பிஎச்க்யூ-8-ஐ எடுத்துக்கொள்ளலாம். 9-ஐத்தான் வைத்துக்கொள்வேன் என்றால் நேரில் நிரப்பச் செய்து, அவர் கிளம்பும் முன் அந்த விடையைப் பார்த்துவிடுங்கள். அப்போது சூப்பர்வைசரை உடனே அழைக்க முடியவேண்டும். எந்த வடிவமானாலும் கடைசிப் பக்கத்தில் தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்-இன் 1767 எண் எல்லாருக்கும் தெரியட்டும்.

ஐஆர்பி அனுமதி வருவதற்கு முன் திரட்டிய தரவைப் பயன்படுத்தவே முடியாது. பின்தேதியிட்டு அனுமதி தரமாட்டார்கள். சோதனை ஓட்டமாகப் பத்துப் பேரிடம் கேட்பதற்கும் இதே விதிதான். மருத்துவமனை வழியாக ஆள் சேர்த்தால் அந்தச் சுகாதாரக் குழுமத்தின் நெறிமுறைக் குழுவிடமும் போகவேண்டும். அதற்கே மாதங்கள் ஓடிவிடும், ஆகவே முதியோர் பராமரிப்பு நிலையங்கள், கோயில்கள், சமூக மன்றங்கள் பக்கம் போங்க.

அடையாள அட்டை எண் வேண்டவே வேண்டாம். சன்மானத்தை பேநவ் வழியாக அனுப்ப கைப்பேசி எண் தேவைப்படும். அதைத் தனிப் படிவத்தில் வாங்கி, விடைகளோடு இணைக்க முடியாதபடி வைத்து, பணம் போனதும் அழித்துவிடுங்கள். சன்மானம் உள்ள இணைப்பைப் பொது டெலிகிராம் குழுவில் போடாதீர்கள். ஒரே இரவில் நூற்றுக்கணக்கான போலி விடைகள் வந்து விழும், நல்லதைப் பிரிக்கவே முடியாமல் போகும்.

புங்கோல் மாணவி
மிக்க நன்றி. அப்படியானால் நேர்காணலை விட்டுவிடவா?

உட்லண்ட்ஸ் வாசகர்
இரண்டில் ஒன்றை விடத்தான் வேண்டும். என்னைக் கேட்டால் கருத்தாய்வை விட்டு நேர்காணலை வைத்துக்கொள்ளச் சொல்வேன். நீங்கள் தேடுகிறவர்கள் மிகக் குறைவு, 100 பேருக்கு அலைவதைவிட 10 முதல் 12 பேரிடம் ஆழமாகப் பேசுவது ஒருவரால் முடிகிற வேலை. கணக்குப்பிள்ளை ஐயா இதை ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம்.

ஆனால் இது எளிது என்று எண்ணவேண்டாம். ஒரு மணிநேர ஒலிப்பதிவை எழுத்தில் கொண்டுவர 4 முதல் 6 மணிநேரம் பிடிக்கும். தானியங்கி மென்பொருள்கள் தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சில் தடுமாறும். ‘அம்மா நைட்ல எழுந்துட்டா நானும் அவ்ளோதான், மார்னிங் ஷிஃப்ட் போகவே முடியாது’ என்று ஒருவர் சொன்னால் அப்படியே எழுதி, அந்தத் தமிழிலேயே குறியீடு செய்யுங்கள், அதாவது ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பொருளைச் சொல்லும் சிறு பெயர் கொடுங்கள். அறிக்கையில் மேற்கோள் காட்டுகிற வரிகளை மட்டும் ஆங்கிலமாக்கினால் போதும். முதலிலேயே மொத்தத்தையும் ஆங்கிலமாக்கினால் ‘அவ்ளோதான்’ என்ற சலிப்பு காணாமல் போய்விடும்.

பகுப்பாய்வுக்கு, பிரான், கிளார்க் என்ற உளவியலாளர்கள் 2006-இல் வகுத்த ஆறு கட்டக் கருப்பொருள் பகுப்பாய்வு (பேச்சுகளில் பொதுவாக ஓடும் கருத்துகளைக் கண்டெடுக்கும் முறை) போதுமானது. கேள்விகளின் தலைப்புகளையே கருப்பொருள்களாக எழுதிவிடுவதுதான் அதில் அடிக்கடி நடக்கும் தவறு. ‘நிதிச் சிக்கல்’ வெறும் தலைப்பு. ‘பணத்தைப் பற்றிப் பேசினால் பாசம் குறைந்ததாக நினைப்பார்களோ என்ற பயம்’ என்பது கருப்பொருள்.

கால அட்டவணையைப் பின்னாலிருந்து போடுங்கள்: கடைசி 3 மாதம் எழுத, அதற்கு முன் 2 மாதம் பகுப்பாய்வு, 3 மாதம் நேர்காணலும் எழுத்தாக்கமும். மீதி 4 மாதத்துக்குள் முன்மொழிவும் ஐஆர்பியும் முடியவேண்டும். இந்த மாதமே சூப்பர்வைசரிடம் இரண்டு பக்க முன்மொழிவைக் கொடுத்துவிடுங்கள்.