பெரிய வீட்டுக் குழு: தென்னை ஏறும் கருவி

[காலை 6:48] சித்தப்பா: அனைவருக்கும் காலை வணக்கம். நேற்று வாய்க்கால் ஓரத்து நெட்டை மரத்தில் பாதி உயரம் ஏறியிருந்தபோது, கருவியின் இடது பக்கம் அரை அடி சறுக்கி, அதன் பிறகே மரத்தைப் பிடித்தது. இடுப்புக் கயிறு மாட்டியிருந்ததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. படம் இணைத்திருக்கிறேன். சிங்கப்பூரில் மரம் கழிக்கும் வேலையில் இருக்கும் நம் பிள்ளை பார்த்துச் சொன்னால் நல்லது.

[காலை 6:55] சித்தி: ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியவர், முழங்கையில் தோல் உரிந்து மஞ்சள் பற்றுப் போட்டிருப்பதை மட்டும் எழுதவில்லை.

[காலை 7:20] பெரியப்பா: தம்பி, அது கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரி ஜோசப் வடிவமைத்த மாதிரிதானே? நின்றபடி ஏறும் அந்தக் கருவியில் மரத்தைப் பிடிப்பது இரும்புச் சட்டம் அன்று, மரத்தைச் சுற்றிப் போகும் கம்பிக் கயிறுதான். காலைத் தூக்கும்போது கயிறு தளர்கிறது, மிதிக்கும்போது நம் எடையே அதை இறுக்குகிறது. ஆகவே சறுக்கியது என்றால் முதலில் கயிற்றையும், அதற்கு எதிர்ப்பக்கம் மரத்தில் அழுந்தும் ரப்பர் கட்டையையும்தான் சந்தேகிக்க வேண்டும்.

[காலை 7:41] அண்ணன் (சிங்கப்பூர்): பெரியப்பா சொல்வது சரி. சித்தப்பா, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கயிற்றின் முனையை மடக்கிக் கிளாம்ப் போட்டிருக்கும் இடத்தில், கிளாம்புக்கு அருகே ஒரு விரல் அகலத்துக்குக் கயிறு பளபளவென்று தெரிகிறது. முன்பு கிளாம்ப் கடித்திருந்த இடம் அது. அப்படியானால் கயிறு கிளாம்புக்குள் நழுவி, சுற்று நீண்டிருக்கிறது. சுற்று நீண்டால் சட்டம் அதிகமாகச் சாய்ந்த பிறகுதான் கயிறு இறுகும். நேற்று நீங்கள் உணர்ந்த அரை அடி அதுவே. இந்தக் கயிறு கருவியோடு வந்ததா, பிறகு மாற்றியதா?

[காலை 7:49] சித்தப்பா: ஆடி மாதம் மாற்றினேன். போர்வெல் மோட்டார் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் புதுக் கயிறு போட்டு, இரண்டு கிளாம்ப் முறுக்கிக் கொடுத்தார்கள்.

[காலை 8:05] அண்ணன் (சிங்கப்பூர்): அங்கேதான் பிழை நேர்ந்திருக்கிறது. கிளாம்பில் இரண்டு பாகங்கள் உண்டு. வரிவரியாகப் பள்ளம் வெட்டிய அடிப்பாகம் சுமை தாங்கும் நீளக் கயிற்றின் மேல் உட்கார வேண்டும். வளைந்த யூ போல்ட் மடக்கிய குட்டை முனையின் மேல்தான் அழுத்த வேண்டும். உங்கள் படத்தில் இரண்டும் தலைகீழாக இருக்கின்றன. அந்த நிலையில் யூ போல்ட் சுமைக் கயிற்றையே நசுக்கி, உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகளை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருக்கும், வெளியே எதுவும் தெரியாது. இன்னொன்று, முதல்முறை சுமை ஏறியதும் கயிறு சற்று மெலியும் என்பதால் நட்டுகளை மறுபடி ஒருமுறை முறுக்கியே ஆக வேண்டும். எங்கள் வேலையிடத்தில் மூன்றுக்குக் குறைவாகக் கிளாம்ப் போடுவதில்லை. இனி ஒரு மரம்கூட இந்தக் கயிற்றில் ஏறாதீர்கள். கிளாம்பைக் கழற்றி, பழைய பருத்தித் துணியால் கயிறு முழுவதையும் துடைத்துப் பாருங்கள். கம்பி அறுந்த இடத்தில் துணி நூல் சிக்கும். வெறுங்கையால் தடவினால் விரலைக் கிழித்துவிடும்.

[காலை 8:30] நான்: அண்ணா, நீங்கள் தூங்குமூஞ்சி மரத்தில் ஏறும் காணொளியில் கயிற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போகும் ஒரு கருவி இருந்ததே, அதையே சித்தப்பாவுக்கு வாங்கிவிட முடியாதா?

[காலை 8:52] அண்ணன் (சிங்கப்பூர்): அது பெட்செல் நிறுவனத்தின் சிக்சாக். 11.5 முதல் 13 மில்லிமீட்டர் வரை தடிமன் உள்ள செயற்கை இழைக் கயிற்றில்தான் அது வேலை செய்யும். அந்தக் கயிற்றை முதலில் மேலே ஒரு பலமான கிளையில் போட வேண்டும். தூங்குமூஞ்சியில் கிளைக்குக் குறைவில்லை. தென்னையில் எதன் மேல் போடுவது? மட்டையில் போட்டால், தானாகவே உதிரப் போகும் ஒன்றில் உயிரைக் கட்டியதாகிவிடும். தென்னைக்கு மரத்தையே கட்டிப் பிடிக்கும் கருவிதான் பொருத்தம். பராமரிப்பில் மட்டும் இரண்டுக்கும் ஒற்றுமை உண்டு. எங்கள் கயிற்றில் மணல் ஏறினால் அது அரம்போலக் கருவியின் அலுமினியத்தை அரித்துப் பள்ளம் ஆக்கிவிடும் என்பதால், கயிற்றைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துகிறோம், கருவியின் பள்ளத்தை விரலால் தடவிப் பார்க்கிறோம். உங்கள் கருவியில் சுழலும் இடங்களுக்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். ரப்பர் கட்டையில் எண்ணெய் பட்டால் வழுக்கும், நாளடைவில் ரப்பரும் ஊறிக் கெடும்.

[காலை 9:10] பெரியப்பா: கருவியை எங்கே வைத்திருக்கிறாய் தம்பி? போன பொங்கலுக்கு வந்தபோது, உரக் கொட்டகையில் பொட்டாஷ் மூட்டைகளின் மேல் கிடந்ததைப் பார்த்ததாக நினைவு. தென்னைக்குப் பொட்டாஷ் இல்லாமல் ஆகாதுதான், ஆனால் நாம் போடும் பொட்டாஷ் குளோரைடு உப்பு; ஈரக் காற்றில் கசிந்து கம்பிக் கயிற்றின் உட்புரிகளை அரித்துவிடும். பத்தாம் வகுப்பில் உனக்கு நானே வேதியியல் நடத்தினேன் என்பதை இங்கே நினைவூட்ட விரும்பவில்லை.

[காலை 9:14] சித்தி: அங்கேதான் இருக்கிறது மாமா. இன்றே திண்ணையில் ஆணி அடித்து மாட்டச் சொல்கிறேன்.

[மாலை 5:36] சித்தப்பா: கழற்றிப் பார்த்துவிட்டேன். யூ போல்ட் அழுத்திய இடத்தில் நான்கு கம்பிகள் அறுந்திருந்தன. துணி அங்கேயே சிக்கி நின்றது. ரப்பர் கட்டையின் வரிகளும் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகியிருக்கின்றன. கயிறும் கட்டையும் அதே மாதிரிக் கருவிக்கு உரியவையாகப் பொள்ளாச்சியில் சொல்லியிருக்கிறேன், வியாழக்கிழமை வரும். அதுவரை வெட்டு இல்லை என்று வியாபாரியிடமும் சொல்லியாகிவிட்டது. புதிதாகப் போட்டதும், தரையிலிருந்து ஓர் அடி உயரத்திலேயே நின்று இரண்டு காலாலும் மிதித்துப் பார்த்து, நட்டுகளை மறுபடி முறுக்கிய பிறகே மேலே ஏறுவேன்.

[மாலை 5:44] அண்ணன் (சிங்கப்பூர்): நல்லது சித்தப்பா. பழைய கயிற்றை முழுதாக வைத்திருக்க வேண்டாம். அவசரத்துக்கு யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். துண்டு துண்டாக வெட்டிவிடுங்கள்.

[மாலை 5:51] சித்தி: வெட்டியாகிவிட்டது. ஒரு துண்டை மட்டும் கன்றுக்குட்டியைக் கட்ட எடுத்து வைத்திருந்தார், அதையும் பிடுங்கிப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டேன்.