ஒரிஜினல் காமிக்ஸ் பக்கங்கள்: விலையும் போடாமல் பின்பக்கமும் காட்டாமல் விற்பது சரியா?

வேதாளர்தாசன்

ரொம்ப நாளாக மனதில் இருந்ததை இன்றைக்குக் கொட்டிவிடுகிறேன். ராணி காமிக்ஸில் மாயாவி என்ற பெயரில் ஃபேன்டம் படித்து வளர்ந்தவன் நான். இப்போது நியூ ஜெர்சியில் இருக்கிறேன். சை பாரி வரைந்த தினசரி ஸ்டிரிப் (நாளிதழில் நாளுக்கு ஒன்றாக வரும் சில கட்டப் படக்கதை) ஒன்றாவது, அச்சுக்குப் போன அதே அட்டை, வீட்டுச் சுவரில் தொங்க வேண்டும் என்பது இருபது வருட ஆசை. போன மாதம் வாங்கினேன். டீலர் பெயர் வேண்டாம், ஒருவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை, ஏறக்குறைய எல்லோருமே இப்படித்தான் பட்டியல் போடுகிறார்கள்.

பட்டியலில் இருந்தது இவ்வளவுதான்: "ஃபேன்டம் தினசரி, சை பாரி, 1970-கள். விலைக்கு மின்னஞ்சல் அனுப்பவும்." படம் உள்ளங்கை அளவு, அதற்கும் நடுவில் கடைப்பெயர் வாட்டர்மார்க். அளவு இல்லை, தேதி இல்லை. மின்னஞ்சல் அனுப்பி நாலு நாள் கழித்து 600 டாலர் என்று பதில் வந்தது. வாங்கிய பிறகுதான் தெரிகிறது, அதே ஸ்டிரிப்பை அதே வாரம் கேட்ட இன்னொரு நண்பருக்கு 450 சொல்லியிருக்கிறார். சரி, அது என் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். பார்சலைப் பிரித்தால் மூன்றாவது கட்டத்தில் ஒரு முகம் தனித்தாளில் வரைந்து மேலே ஒட்டப்பட்டிருக்கிறது. ஸ்டிரிப்பை நாளிதழ்களுக்கு விநியோகித்த கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனத்தின் பதிப்புரிமைச் சீட்டு இருந்த இடத்தில் பழுப்பான பசைக்கறை மட்டும்தான் மிச்சம். அந்தச் சீட்டில்தான் தேதி இருக்கும், அது எப்போதோ உதிர்ந்து போயிருக்கிறது. கேட்டால் "பழைய ஸ்டிரிப் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்கிறார். அப்படித்தான் இருக்கும், எனக்கும் தெரியும். அதைப் பட்டியலில் ஒரு வரி எழுதினால் என்ன?

மைப்புட்டி

நண்பரே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஒட்டுவேலையைச் சொல்லாமல் விற்றது தப்பு, அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் விலை போடாததையும் அதோடு சேர்த்துக் குற்றமாக்காதீர்கள். நான் பன்னிரண்டு வருடமாக நாலைந்து ஓவியர்களுக்காகப் பக்கங்கள் விற்றுத் தருகிறேன், சிகாகோ பக்கம் நடக்கும் காமிக்ஸ் விழாக்களில் மேசை போடுகிறேன், வார நாட்களில் வேறு வேலை. ஸ்கேன் எடுப்பது, பட்டியல் போடுவது, பொட்டலம் கட்டுவது, தபாலுக்குப் போவது எல்லாம் நான் ஒருவனே.

விலை போடாததற்குக் காரணம் சொல்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு விலையைப் பொதுவில் எழுதிவிட்டால் அது அந்தப் பக்கத்தோடு காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். ஓவியர் விலையை ஏற்றச் சொன்னால் பழைய விலை தெரியும் பட்டியல் படத்தை எடுத்துக்கொண்டு பத்துப் பேர் வருவார்கள். அப்புறம், இந்தத் தொழிலில் பாதிக்குப் பாதி பண்டமாற்று. கையில் காசு கொடுத்தால் ஒரு விலை, இரண்டு பக்கம் கொடுத்து ஒன்று வாங்கினால் வேறு கணக்கு, ஆறு மாதத் தவணை என்றால் இன்னொரு கணக்கு. உங்கள் நண்பருக்கு 450 சொன்னதற்குக்கூட அப்படி ஏதாவது காரணம் இருந்திருக்கலாம்.

வேதாளர்தாசன்

இல்லை சார். இருவருமே காசு கொடுப்பதாகத்தான் கேட்டோம்.

கறுப்பு வெள்ளை

மைப்புட்டி சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விலை தெரிந்தால் பக்கத்தின் மதிப்பு கெடும் என்றால் ஏல நிறுவனங்கள் எப்போதோ மூடியிருக்க வேண்டும். 2022 ஜனவரியில் ஹெரிடேஜ் ஏலத்தில் 'சீக்ரெட் வார்ஸ்' 8-ஆம் இதழின் 25-ஆம் பக்கம், மைக் ஜெக் வரைந்தது, ஸ்பைடர்மேனுக்குக் கறுப்பு உடை வந்த கதையைச் சொல்லும் பக்கம், 33 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. உலகத்துக்கே விலை தெரியும். அதனால் ஜெக்கின் மற்ற பக்கங்களைச் சீந்துவார் இல்லாமல் போய்விட்டதா? போதாததற்கு 2012-இல் டாட் மெக்ஃபார்லேனின் 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 328 அட்டைப்படம் 6,57,250 டாலருக்கு விற்றதை இன்றைக்கும் டீலர்கள்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். அடுத்தவர் விற்ற விலை வெளியே தெரிய வேண்டும், தான் விற்கும் விலை மட்டும் தெரியக்கூடாது என்பது என்ன நியாயம்?

இன்னொன்று. நியூயார்க் நகரத்தில் கடையில் விற்கும் பொருளுக்கு விலை எழுதி வைக்க வேண்டும் என்று சட்டம் உண்டு. 1988-இல் நகர நுகர்வோர் துறை அதை ஓவியக் கேலரிகள் மேல் பாய்ச்சியது. கேலரிக்காரர்கள் அன்றைக்குச் சொன்ன பதிலும் இதேதான்: கலை என்பது மளிகைச் சாமான் கிடையாது, விலைச்சீட்டு ஒட்டினால் தரம் போய்விடும் என்று. விலைப்பட்டியல் வைத்த பிறகும் அங்கே கேலரிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

மைப்புட்டி

ஏல விலையையும் டீலர் விலையையும் ஒன்றாக வைத்துப் பேசாதீர்கள். அந்த 33.6 லட்சம் என்பது வாங்கியவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டிய 20 சதவீதக் கட்டணமும் சேர்ந்த தொகை. சுத்தியல் விழுந்தது 28 லட்சத்தில். விற்றவரிடமும் நிறுவனம் கழித்துக்கொண்டதா, எவ்வளவு என்பது அவர்களுக்குள் பேச்சு. அதாவது அங்கேயும் எல்லாமே வெளிச்சத்தில் நடக்கவில்லை. ஏலத்தில் இரண்டு பேர் மல்லுக்கு நின்றால் விலை ஏறும், மறுநாள் அதே ஆட்கள் வந்து அதே விலை தருவார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. நான் ஒருவருக்காக ஆறு மாதம் எடுத்து வைத்துக் காத்திருக்கிறேன். ஏல நிறுவனம் காத்திருக்காது.

காகிதப்பூ

நான் புதிது, கோவையில் இருக்கிறேன், தப்பாக எதையாவது சொன்னால் திருத்துங்கள். விலையை விட எனக்கு வேறு விஷயத்தில்தான் அடி விழுந்தது. சமீபத்திய ஒரு சூப்பர்ஹீரோ இதழின் பக்கம், இரண்டு ஓவியர்களின் பெயரும் போட்டிருந்தது, ஒருவர் பென்சில், ஒருவர் மை. பென்சில் போட்டவரின் ரசிகை நான், அவர் கை பட்ட தாள் என்று நினைத்துத்தான் வாங்கினேன். வந்ததைப் பார்த்தால் மைக்கு அடியில் லேசான நீலக்கோடு, பிரிண்டரில் எடுத்தது மாதிரி. பென்சில் சுவடே இல்லை. டீலரிடம் கேட்டதற்கு "ஆமாம், நீலக்கோட்டின் மேல் மை போட்டது, எல்லோருக்கும் தெரியுமே" என்றார். எனக்குத் தெரியாதே! இது பொய்ப் பக்கமா?

வேதாளர்தாசன்

பொய்ப் பக்கம் இல்லை அம்மா, கவலைப்படாதீர்கள். முன்பெல்லாம் பென்சில் போட்ட அட்டையையே கூரியரில் அனுப்புவார்கள், மை போடுபவர் அதன் மேலேயே வரைவார், ஆகவே ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரிஜினல். இப்போது பென்சில் ஓவியர் ஒரு நாட்டில், மை ஓவியர் வேறு நாட்டில். ஸ்கேன் மின்னஞ்சலில் போகும், அவர் அதை வெளிர்நீலத்தில் அட்டையில் அச்செடுத்து அதன் மேல் மை போடுவார், அச்சு வேலையில் அந்த நீலத்தை எளிதாக நீக்கிவிடலாம். இப்படி ஒரே பக்கத்துக்கு இரண்டு தாள் உண்டாகிறது, பென்சில் தாள் தனியாக வேறு எங்கோ விற்கப்படும். உங்களிடம் இருப்பது மை ஓவியரின் உண்மையான கைவேலைதான். ஆனால் இரண்டு பேர் பெயரைப் போட்டு, நீலக்கோடு என்ற ஒரு சொல்லை விட்டது பெரிய தப்பு, அந்த ஒரு சொல்லில் விலையே மாறும்.

மைப்புட்டி

இதில் நான் வேதாளர்தாசன் பக்கம். நீலக்கோடு என்று எழுதாமல் விற்பவர்களால்தான் எங்களைப் போன்றவர்களையும் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். திருப்பிக் கேளுங்கள் அம்மா, பணத்தைத் தர வேண்டும்.

கறுப்பு வெள்ளை

விட்டுப்போகும் சொற்கள் அது ஒன்று மட்டுமா? அட்டைப்படம் விற்கிறார்கள், மேலே இருக்கும் பத்திரிகைத் தலைப்பு புதிதாக நகலெடுத்து ஒட்டியதா, அன்றைக்கே ஒட்டிய ஸ்டாட் என்ற புகைப்பட நகலா என்று சொல்ல மாட்டார்கள். பேச்சுக் குமிழ்கள் உதிர்ந்த பக்கத்தைப் போடுவார்கள், உதிர்ந்ததா, எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் சேர்த்ததால் ஆரம்பத்திலேயே இல்லையா என்று தெரியாது.

எல்லாவற்றையும் விட எனக்குப் பொறுக்காதது அளவைப் போடாமல் விடுவது. ஃபிரேம் செய்யும் கடைக்காரனுக்கு அளவு வேண்டும் என்பதற்காக மட்டும் கேட்கவில்லை. 1967 வாக்கில்தான் அமெரிக்கப் பதிப்பகங்கள் பெரிய அட்டையிலிருந்து இப்போதுள்ள 11-க்கு 17 அங்குலத்துக்கு மாறின. அதற்கு முன் அச்சாகும் அளவைப் போல இரண்டு மடங்கில் வரைவது வழக்கம். 1964-இல் வந்த இதழின் பக்கம் என்று ஒருவர் விற்கிறார், அது 11-க்கு 17 அட்டையில் இருக்கிறது என்றால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும், பின்னாளில் லைட்பாக்ஸில் (அடியிலிருந்து வெளிச்சம் வரும் மேசை) வைத்துப் பார்த்து வரைந்த நகலாக இருக்கலாம். வாங்குபவன் கையில் இருக்கும் முதல் சோதனையே அளவுதான். அதைப் போடாமல் "அருமையான பக்கம், நேரில் இன்னும் அழகு" என்று எழுதுவார்கள்.

மைப்புட்டி

அளவு, சரி. பெரிய படம் கேட்கிறீர்களே, அதில் எனக்குப் பயம் உண்டு. நல்ல தெளிவான ஸ்கேனைப் போட்டால் அதை அச்செடுத்துத் தடம் பிடித்து வரைந்து ஒரிஜினல் என்று விற்கிறார்கள். என்னிடம் இருக்கும் பக்கமே இன்னொருவர் கையில் விற்பனைக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். வாட்டர்மார்க் போடுவதும் சின்னப் படம் போடுவதும் அதனால்தான்.

வேதாளர்தாசன்

போலி வரைபவனுக்கு உங்கள் ஸ்கேன் எதற்கு சார், அச்சான இதழே கையில் இருக்கிறதே. அச்சில் தெரியாதது எது? ஒயிட்னர் தடவிய திட்டு, அழிக்காமல் விட்ட பென்சில் கோடு, ஓரத்தில் எடிட்டர் கிறுக்கிய குறிப்பு, பின்பக்க முத்திரை. இவையெல்லாம் பெரிய படத்தில் பதிவாகி இருந்தால்தான் நாளைக்கு இரண்டாவதாக ஒன்று முளைக்கும்போது உங்களுடையதுதான் அசல் என்று காட்ட முடியும். சின்னப் படம் போலிக்குத்தான் வசதி.

பின்பக்க முத்திரை என்றதும், ஒரு பக்கம் யார் யார் கை மாறி வந்தது என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜாக் கிர்பி மார்வெலுக்காகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் வரைந்தவர். வருடக்கணக்கில் போராடி 1987-இல் அவருக்குத் திரும்பக் கிடைத்தது சுமார் இரண்டாயிரம்தான். மீதி எங்கே போனது? கிடங்கிலிருந்து எத்தனையோ வழிகளில் வெளியே கசிந்து சந்தைக்கு வந்தவையும் அதில் உண்டு. அப்படிப்பட்ட வரலாறு உள்ள தொழிலில், இந்தப் பக்கம் யாரிடமிருந்து வந்தது, இதற்கு முன் எந்த ஏலத்தில் விற்றது என்று ஒரு வார்த்தையும் சொல்லாமல் விற்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. 2008-இல் ஸ்பைடர்மேன் முதன்முதலில் வந்த 'அமேசிங் ஃபேன்டசி' 15-இன் ஸ்டீவ் டிட்கோ பக்கங்கள் 24-ஐயும் பெயர் சொல்லாத ஒருவர் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். விற்றிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைகிறது.

கறுப்பு வெள்ளை

ஓவியர் பெயர் போடுவதிலும் இதே கதைதான். 1961-இலிருந்து 1994 வரை ஃபேன்டம் ஸ்டிரிப்பில் சை பாரி கையெழுத்து இருக்கும். ஆனால் பல வருடம் அவருக்குப் பென்சில் போட்டுக் கொடுத்தவர் ஜார்ஜ் ஓலிசன். பாரி ஓய்வு பெற்ற பிறகு அவரே கீத் வில்லியம்ஸோடு சேர்ந்து தொடர்ந்தார். எத்தனை பட்டியலில் ஓலிசன் பெயரைப் பார்த்திருக்கிறீர்கள்?

ரிப் கிர்பி என்ற துப்பறியும் ஸ்டிரிப்பில் இது காசு விஷயமாகவே ஆகிவிடும். அதை வரைந்துவந்த அலெக்ஸ் ரேமண்ட் 1956 செப்டம்பரில் கார் விபத்தில் இறந்தார், அதன்பின் ஜான் ப்ரெண்டிஸ் வரைந்தார். "ரிப் கிர்பி, 1956" என்று மட்டும் எழுதி ரேமண்ட் விலை கேட்கிறவர்கள் உண்டு. தாளில் நாளும் மாதமும் இருக்கும், அந்த மூலையை மட்டும் விட்டுப் படம் எடுத்திருப்பார்கள்.

மைப்புட்டி

அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஓலிசன் விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்கிறேன், எந்த ஸ்டிரிப்பில் யார் கை எவ்வளவு என்று தாளைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது, கையெழுத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. "பென்சில் ஓலிசனாக இருக்கலாம்" என்று போட்டால் வாங்க வந்தவர் ஓடிவிடுகிறார்.

காகிதப்பூ

ஓடினால் ஓடட்டுமே சார். தெரிந்து வாங்குகிறவர் ஒருவர் வருவார், அவர் உங்களிடமே திரும்பவும் வருவார். நான் அந்தப் பழைய டீலரிடம் இனிப் போக மாட்டேன். அப்புறம் ஒரு கேள்வி, விற்றுப்போன பக்கங்களை ஏன் பட்டியலில் அப்படியே வைத்திருக்கிறார்கள்? நான் மின்னஞ்சல் அனுப்பிய ஐந்தில் மூன்று எப்போதோ விற்றுவிட்டதாம்.

மைப்புட்டி

எடுக்க நேரமில்லாததுதான் காரணம், வேறு சாக்கு சொல்ல மாட்டேன். என்னிடமும் அப்படிக் கிடக்கிறது. ஆராய்ச்சிக்கு உதவும் என்று சிலர் வேண்டுமென்றே வைத்திருப்பார்கள், அப்படியானால் தனிப்பகுதியாகப் பிரிக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்.

நேற்று இரவு இதையெல்லாம் படித்துவிட்டு என் பட்டியலைத் திறந்து பார்த்தேன். நாற்பது பக்கங்களில் அளவு போட்டிருப்பது பதினொன்றுக்கு. பின்பக்கப் படம் ஒன்றுக்குக்கூட இல்லை. வாரக்கடைசியில் உட்கார்ந்து அளவு, தேதி, ஒட்டுவேலை, நீலக்கோடு, பின்பக்கம் எல்லாவற்றையும் சேர்க்கிறேன். ஆனால் விலை மட்டும் முடியாது.

வேதாளர்தாசன்

மனசார நன்றி சார். விலையை விட மாட்டேன், கேட்டுக்கொண்டேதான் இருப்பேன். உங்கள் பட்டியலில் ஒரு ப்ரெண்டிஸ் ரிப் கிர்பி பார்த்தேன். அது உங்கள் சொந்தப் பொருளா, ஓவியர் யாராவது கொடுத்து வைத்ததா? சொந்தப் பொருள் என்றால் விலை எழுதுவதற்கு என்ன தடை?

மைப்புட்டி

என்னுடையதுதான். பதிப்புரிமைச் சீட்டு முழுசாக இருக்கிறது, இரண்டாவது கட்டத்துக் குமிழுக்கு அடியில் ஒயிட்னர் உண்டு, இடது ஓரத்தில் சின்னக் கிழிசல். 350 டாலர், யார் கேட்டாலும் அதே விலை. சொந்தப் பக்கங்கள் ஒன்பது இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் விலை எழுதிவிடுகிறேன். மற்றவை ஓவியர்களுடையவை, அவர்கள் சம்மதிக்காமல் எழுத மாட்டேன்.

கறுப்பு வெள்ளை

அவர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

மைப்புட்டி

இதுவரை கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருவரிடம் பேச வேண்டியிருக்கிறது, அப்போது கேட்டுவிட்டு இங்கே வந்து சொல்கிறேன்.