ஆயில் கசிகிறது: நானே கழற்றலாமா, பட்டறைக்கு விடலாமா?

புதுச்சாவி:
காருக்கு 11 வயது. பெட்ரோல் எஞ்சின், மேனுவல் கியர். இரண்டு மாதமாக நிறுத்துகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புக் கறை விழுகிறது. டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டில் இருந்த ஆயில் ஐந்து வாரத்தில் பாதிக்கு இறங்கிவிட்டது. பட்டறையில் காட்டினேன். அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடம் நனைந்திருந்தது. “கிராங்க் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும்” என்றார்கள். எஞ்சினின் சுழலும் தண்டு பின்னால் வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையமாம் அது. பார்த்தது முழுதாக இரண்டு நிமிடம்கூட இருக்காது. அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டதிலிருந்து, நாமே செய்தால் என்ன என்ற யோசனை வந்துவிட்டது. டயர், பேட்டரி, ஏர் ஃபில்டர் மாற்றியிருக்கிறேன். அதற்கு மேல் கை வைத்ததில்லை. செய்யலாமா?

திருப்புளி:
தாராளமாகச் செய்யலாம். இந்த வயதுக் கார்களில் கசிவுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: சூட்டில் வெந்து வெந்து கெட்டித்துப்போன ரப்பர். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும், அவ்வளவுதான். எஞ்சினின் மேல் மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் பட்டையான வால்வு கவர் கேஸ்கெட்டை நான் இரண்டு கார்களில் மாற்றியிருக்கிறேன். டிரெயின் போல்ட் வாஷர், ஆயில் பிரஷர் சுவிட்ச் எல்லாம் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர் செய்யக்கூடியவை. ஒரு ஞாயிறு மதியம் போதும்.

பட்டறைக்காரன்:
28 வருடம் பட்டறை வைத்திருந்து இப்போது ஓய்வில் இருக்கிறேன். திருப்புளி சொல்லும் ஞாயிறு மதியங்களின் மிச்சம் திங்கட்கிழமை காலையில் என்னிடம்தான் வரும், கயிறு கட்டி இழுத்துக்கொண்டு.

வால்வு கவர் போல்ட்டுக்குப் பல எஞ்சின்களில் 10 நியூட்டன் மீட்டருக்குப் பக்கத்தில்தான் இறுக்கம் இருக்க வேண்டும். மணிக்கட்டு பலமே போதும். ஆனால் கசிவைப் பார்த்துப் பயந்தவர் தோள் பலத்தையும் சேர்த்துப் போடுவார். அலுமினிய மரை உரிந்துவிடும், அல்லது பிளாஸ்டிக் கவர் விரிசல் விட்டுவிடும். இன்னொரு கூட்டம் சிலிகான் பசையை வெண்ணெய் போலத் தடவும். உள்பக்கம் பிதுங்கிய பசை அறுந்து, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் விழும். அங்கே ஆயிலை உறிஞ்சும் வலையை அடைக்கும். சொட்டுச் சொட்டாகப் போன ஆயிலை நிறுத்தப் போய் எஞ்சினையே தின்றுவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தம்பி புதுச்சாவி, கியர்பாக்ஸை இறக்குவது வீட்டு வாசலில் செய்கிற வேலை அல்ல. அதை விட்டுவிடுங்கள்.

திருப்புளி:
ஐயா, மரையை நானும் ஒருமுறை உரித்திருக்கிறேன், மறைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்கினேன். நீங்கள் சொல்வது எல்லாம் கவனமாகச் செய் என்பதற்கான காரணங்கள். செய்யாதே என்பதற்கு இல்லை.

என் கேள்வி வேறு. பின் சீல்தான் என்று முடிவு செய்தது யார்? இரண்டு நிமிட டார்ச் வெளிச்சம். ஆயில் மேலிருந்து கீழே வழியும். ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். வால்வு கவரின் பின் விளிம்பில் கசிந்தாலும், எஞ்சினின் முதுகு வழியாக வழிந்து அதே கியர்பாக்ஸ் சந்தில்தான் சொட்டும். சொட்டும் இடத்தை ஓட்டை என்று நினைத்துக்கொள்வதா?

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் வேலையை உருவாக்குகிறீர்கள். பெரும்பாலான கார்களில் டிப்ஸ்டிக்கின் இரு கோடுகளுக்கு இடையே உள்ளது ஏறக்குறைய 1 லிட்டர். இவருக்கு ஐந்து வாரத்தில் அரை லிட்டர் போகிறது. வாரம் ஒருமுறை பார்த்து, குறைந்ததை ஊற்றிக்கொண்டு ஓட்டுங்கள். 11 வயதுக் காருக்கு இதற்கு மேல் எதற்கு? அடியில் ஓர் அட்டையைப் போட்டால் தரையும் பிழைத்துவிடும்.

இரவுப்பயணி:
கணக்குப்பிள்ளை, இதே கணக்கை நானும் போட்டேன். ஒன்றரை வருடம் ஊற்றி ஊற்றி ஓட்டினேன். கசிந்தது கிளட்ச் இருக்கும் கூட்டுக்குள் என்பது எனக்குத் தெரியாது. ஒருநாள் மேடு ஏறும்போது எஞ்சின் இரைகிறது, கார் நகரவில்லை. கிளட்ச் தட்டு ஆயிலில் ஊறிப்போயிருந்தது. சீலோடு கிளட்சையும் சேர்த்து மாற்ற வேண்டியதாயிற்று.

கசிவு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள், எதன் மேல் விழுகிறது என்றும் கேளுங்கள். தரையில் விழுந்தால் அசிங்கம், அவ்வளவுதான். சைலன்சருக்குப் போகும் சூடான குழாயின் மேல் விழுந்தால் புகை வரும், தீயும் பிடிக்கலாம். வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் மேல் விழுந்தால் பெல்ட் ஊதிக் கெடும். அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

கணக்குப்பிள்ளை:
சரி, கிளட்சை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனாலும் எங்கே விழுகிறது என்று தெரிந்தபிறகு அது தரை மட்டும்தான் என்றால், என் ஓட்டு ஊற்றி ஓட்டுவதற்கே.

பட்டறைக்காரன்:
திருப்புளி கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்கிறேன், கொஞ்சம் வெட்கத்தோடு. கடை போட்ட மூன்றாவது வருடம், பின் சீல் என்று நானே சொல்லி, ஒரு காரின் கியர்பாக்ஸை இறக்கினேன். பழைய சீலைச் சுற்றி உள்பக்கம் காய்ந்து கிடந்தது. ஆயில் மேலே வால்வு கவரிலிருந்து வழிந்து வந்திருந்தது. இறக்கியதற்குப் புதுச் சீலைப் போட்டு ஏற்றிக் கொடுத்தேன். வால்வு கவர் கேஸ்கெட்டையும் மாற்றினேன், அதற்குக் காசு வாங்கவில்லை. வாடிக்கையாளர் நல்ல மனிதர் என்று புகழ்ந்துவிட்டுப் போனார். அந்தப் புகழ்ச்சி இன்னும் குத்துகிறது.

ஆகவே புதுச்சாவி, கண்டுபிடிக்கும் வேலையை நீங்களே செய்யுங்கள். அதற்கு நான் தடை சொல்லவில்லை. எஞ்சின் ஆறியபிறகு, கிரீஸ் கரைக்கும் திரவத்தை அடித்து மேலிருந்து கீழ்வரை துடையுங்கள். மின் இணைப்புகளை மூடிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். ஈரத்தில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ, எது மிக முன்னால் இருக்கிறதோ, அங்கிருந்துதான் வருகிறது. தெரியவில்லை என்றால் ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயம் கிடைக்கும். புற ஊதா டார்ச் அடித்தால் வழி முழுக்கப் பளிச்சென்று காட்டும்.

சொட்டுவதை விரலில் தொட்டு முகர்ந்தும் பாருங்கள். கியர் ஆயிலில் கந்தக வாடை மூக்கைத் துளைக்கும். உங்களுக்கு டிப்ஸ்டிக்கில் அளவு இறங்குவதால் அது எஞ்சின் ஆயில்தான் என்று நினைக்கிறேன், ஆனால் இரண்டும் சேர்ந்து கசிவதும் உண்டு.

காரின் அடியில் போவதாக இருந்தால் ஜாக்கை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். சமதரை, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு. இதில் விவாதமே இல்லை.

திருப்புளி:
இதைத்தானே நானும் சொன்னேன்!

பட்டறைக்காரன்:
நீங்கள் சொன்னது ஞாயிறு மதியம் போதும் என்று.

திருப்புளி:
சரி, ஒன்று சேர்க்கிறேன். பிசிவி வால்வையும் பாருங்கள். எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறும் வழி அது. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் கசிய வைக்கும். சாதாரண வகை என்றால் கழற்றிக் குலுக்கும்போது உள்ளே கலகலக்க வேண்டும். அது அடைத்திருக்கும்போது எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் வீண்.

புதுச்சாவி:
நான்கு நாள் கழித்து வருகிறேன். துடைக்கவே ஒரு மதியம் போய்விட்டது. 11 வருட மண்ணும் ஆயிலும் தார் போல ஒட்டியிருந்தன. துடைத்து ஓட்டிப் பார்த்தேன். வால்வு கவரின் பின் விளிம்பில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், விரல் விட்டால் புது ஆயில் ஒட்டுகிறது. கைபேசியை உள்ளே நீட்டிப் படம் எடுத்துத்தான் உறுதி செய்தேன். அங்கிருந்து ஒரு கோடாகக் கீழே இறங்கி, கியர்பாக்ஸ் சந்துக்குப் போகிறது. பிசிவி வால்வு கலகலக்கவில்லை.

பட்டறைக்காரன்:
அந்தப் பட்டறைக்கு என் பழைய மூன்றாம் வருட அனுபவத்தை யாராவது சொல்லியிருக்க வேண்டும். செய்யுங்கள் தம்பி. பிசிவி வால்வை மாற்றிவிட்டு, வால்வு கவர் கேஸ்கெட்டை மாற்றுங்கள். பழைய கேஸ்கெட் துணுக்கு ஒன்றுகூடப் பள்ளத்தில் இருக்கக் கூடாது. சுரண்ட இரும்பு வேண்டாம், பிளாஸ்டிக் போதும். பசை, கையேடு சொல்லும் மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு தடவையாக இறுக்குங்கள். ஸ்பார்க் பிளக் குழிகளின் வளையங்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள். மறந்தால் குழிக்குள் ஆயில் இறங்கி எஞ்சின் தடுமாறும்.

கணக்குப்பிள்ளை:
தரையில்தான் விழுகிறது. என் ஓட்டு மாறவில்லை.

இரவுப்பயணி:
சந்துக்குள் போகிறது என்கிறார், கிளட்ச் அங்கேதான் இருக்கிறது. படிக்கவில்லையா?

புதுச்சாவி:
மூன்று வாரம் ஓடிவிட்டது. வேலைக்கு ஒரு மதியம் இல்லை, இரண்டு நாள். பின்பக்கப் போல்ட் ஒன்றை எட்டுவதற்கே முதல் நாள் போனது. ஆயில் அளவு இறங்கவில்லை. வால்வு கவரைச் சுற்றி உலர்ந்திருக்கிறது. ஆனால் நேற்று காலை தரையில் நாணய அளவுக்கு ஒரு சொட்டு.

திருப்புளி:
சந்துக்குள் தேங்கியிருந்த பழைய ஆயில். வடியக் கொஞ்ச நாள் ஆகும்.

பட்டறைக்காரன்:
இருக்கலாம். அல்லது மேலே ஒன்று, பின்னால் ஒன்று என்று கசிவு இரண்டாக இருந்திருக்கலாம். நான் அன்று இறக்கிய காரை வைத்து எல்லாக் காரையும் முடிவு செய்ய மாட்டேன். அடியை இன்னொரு முறை துடைத்துவிட்டுப் பாருங்கள்.

புதுச்சாவி:
துடைத்துவிட்டேன். இன்று இரவு வெள்ளை அட்டை ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறேன்.