அமிலம் குறைக்கும் மருந்துக்கு என்ன பெயர்?

மொழிபெயர்ப்பாளர்:
நண்பர்களே, பால் கக்கும் கைக்குழந்தைகளைப் பற்றிய தாய்மார் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒமிப்ரசோல், ஃபமோடிடின் போன்றவற்றுக்குப் பொதுப்பெயர் வேண்டும். ‘எதுக்களிப்புத் தடுப்பி’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

குழந்தை மருத்துவர்:
தயவுசெய்து வேண்டாம். இம்மருந்துகள் எதுக்களிப்பைத் தடுப்பதே இல்லை. பால் மேலேறிக்கொண்டுதான் இருக்கும். அதிலுள்ள அமிலம் மட்டும் குறையும். அந்தப் பெயரை நம்பும் தாய், கக்கல் நிற்கவில்லையே என்று அளவைக் கூட்டச் சொல்வார். உணவோடு வரும் கிருமிகளைக் கொல்வதும் அந்த அமிலம்தான். ஒமிப்ரசோல் வகையைச் சேர்ந்த லான்சோபிரசோல் பற்றி 2009இல் வெளியான ஆய்வில் 162 குழந்தைகள் இருந்தார்கள். மருந்து பெற்றவர்களில் 54 சதவீதத்தினருக்கு அழுகை தணிந்தது. மருந்தே கலக்காத வெற்று மருந்து பெற்றவர்களிலும் அதே 54. கடுமையான பாதிப்புகளோ, குறிப்பாக நுரையீரல் தொற்று, மருந்துப் பிரிவில்தான் அதிகம். எடை ஒழுங்காக ஏறி, கக்கிவிட்டுச் சிரிக்கும் குழந்தைக்கு இது எதற்கு?

தமிழாசிரியர்:
மருத்துவர் சொல்வது நியாயம். ‘காடியொடுக்கி’ என்போம், ‘அமிலம்’ வடசொல். ஒமிப்ரசோல் வகைக்கு ‘நேர்மின்னி எக்கித் தடுப்பி’ என்று தனிப்பெயரும் வேண்டும். எக்கி என்றால் பம்பு; இரைப்பைச் சுவரில் காடியைச் சுரக்கவைப்பது அதுதான். வயிற்றை உள்ளிழுப்பதை எக்குதல் என்கிறோம் அல்லவா? இரைப்பைச் சுவரின் வேலைக்கு வயிற்றுச் சொல்லே வாய்ப்பது எவ்வளவு பொருத்தம்! எதுக்களித்தலையும் ‘எதிர்’ என்பதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். எதிரெடுத்தல் என்றாலும் வாந்திதானே?

செவிலியர்:
ஐயா, எங்கள் நிலையத்துக்கு வரும் பெண்களிடம் காடி என்றால் புளித்த கஞ்சி. அதைக் குழந்தைக்குக் கொடுக்கச் சொல்கிறோமோ என்று பயந்துவிடுவார்கள். ‘அமிலக் குறைப்பி’ போதும்.

மருந்தாளுநர்:
போதாது. சுரந்த அமிலத்தை முறிக்கும் மருந்துகளையும் அப்படித்தான் எண்ணிக்கொள்வார்கள். அவற்றில் அலுமினியம் கலந்தவை கைக்குழந்தைக்கு ஆகாது. ‘சுரப்பு’ என்ற சொல் இருந்தே தீர வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
‘அமிலச் சுரப்புக் குறைப்பு மருந்து’. நீளம்தான், ஆனால் விளக்கம் தேவைப்படாது. கீழே ‘கக்குவதை இது நிறுத்தாது’ என்ற வரியையும் தடித்த எழுத்தில் சேர்க்கிறேன்.

குழந்தை மருத்துவர்:
அந்த வரி இருக்குமென்றால் எந்தப் பெயரும் எனக்குச் சம்மதம்.

செவிலியர்:
எனக்கும்.

தமிழாசிரியர்:
‘சுரப்பு’க்கு உடன்படுகிறேன். ‘அமிலம்’ என்பதற்கு இல்லை. அடுத்த பதிப்புக்கு முன் ‘புளியம்’ பற்றித் தனியாக எழுதுகிறேன்.