எண்ணூர் கழிமுகத்துக்காக ஒரு உதவி

வணக்கம் நண்பர்களே. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் கழிமுகத்தைக் காக்க, மீனவக் குப்பத்தாரும் நாங்கள் சிலரும் சேர்ந்து ஒரு குழு அமைக்கிறோம். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஓடை பல இடங்களில் மேடாகிவிட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கசிவு படகு, வலை, அலையாத்தி வேர் என்று எதையும் விடவில்லை. பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்கு இந்த ஓடையை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது.

கடலோரத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று சொல்லும் மத்திய அரசின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, அதன் அமலாக்கத்துக்கு உதவ மாவட்ட ஆட்சியர் தலைமையில் அமையும் குழுவில் கடலோரப் பாரம்பரிய மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் இப்போது அந்த இடங்களில் யார் இருக்கிறார்கள்? தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதிப் பழகியவர்கள் கைகொடுத்தால் முதலில் இதைக் கேட்டுவிடலாம்.

அப்புறம், வரைபடம் தெரிந்த ஒருவர் அவசரமாகத் தேவை. எங்கே ஆழம், எங்கே நண்டு, எங்கே மேடு என்பதெல்லாம் பெரியவர்களுக்கு அத்துப்படி. அதைப் பழைய செயற்கைக்கோள் படங்களோடு பொருத்திப் பதிய வேண்டும். வெளியாட்கள் மட்டும் கூடித் திட்டம் போட்டால் அது நிலைக்காது என்பது என் உறுதியான எண்ணம். அதனால் கூட்டத்தைக் குப்பத்திலேயே, வலை வேலை இல்லாத நேரத்தில் வைக்கிறோம்.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? வர முடிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.